டிரைவர் பக்கத்துக் கதவு

மார்ச் 3, திங்கள்

இடுப்பு போயே போய்விட்டது. நேற்று முழுக்கக் குனிந்து லாரியின் அடி விளிம்பில் துருவைச் சுரண்டினேன். இன்று சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்பு மூட்டைகளைத் தூக்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு முன்னாலேயே இவர் வாழ்க்கைக்குள் வந்த வண்டி. நாத்தனார் அதை ‘மூத்தவ’ என்றுதான் சொல்வாள். மூத்தவள் ஒன்றரை வருஷமாகப் பக்கத்துச் சந்தில் சுவரை ஒட்டி நிற்கிறாள். தார்ப்பாய் கட்டும்போது இவர் மேலிருந்து விழுந்து இடது முழங்கால் நொறுங்கியதிலிருந்து. கிளட்ச் மிதிக்கிற வேலையை இனி மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் வாசல் நாற்காலியில். சாவி இவர் சட்டைப் பையில்.

நான் பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தாயிற்று. டிப்போ மேற்பார்வையாளர், “தண்ணி கேன் லோடு தர்றேன்மா. ஆனா இந்தக் கோலத்துல வண்டிய உள்ள விட மாட்டேன். ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள அதை ஆளாக்கிக் கொண்டாங்க” என்றார். எஞ்சினை மெக்கானிக் போன மாதமே இவரிடம் சாவி வாங்கி ஓட வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உடம்புதான் ஓட்டை. பாடி ஷாப்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, “இதுக்குப் போயி...” என்று இழுத்தார். சரிதான் போய்யா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். வாய்க்கொழுப்பு. இப்போது இடுப்பு அனுபவிக்கிறது.

இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “வித்துத் தொலைச்சிரலாம்” என்கிறார். என்னிடம் மட்டும் சாவியைக் கொடுக்க மாட்டாராம். இது எந்த ஊர் நியாயம்?

மார்ச் 5, புதன்

சுவர்ப் பக்கம், அதாவது கிளீனர் பக்கம், ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன் என்று சாவி கேட்டேன்.

“அப்படியே தேயி. நகத்துற வேலையெல்லாம் வேணாம்.”

தேய்த்தேன். கை உப்புத்தாளில் தேய, முழங்கை சுவரில் தேய, வண்டியைவிட எனக்குத்தான் அதிகமாகத் தோல் உரிந்தது.

மார்ச் 8, சனி

பள்ளத்தில் அப்புவதற்குப் பட்டி கலந்தேன். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைத் தாராளமாகப் பிழிந்துவிட்டேன். மூன்று பள்ளம் பூசுவதற்குள் தகடும் கையுமாகக் கல்லாகிவிட்டது.

“இவ்வளவு ஹார்ட்னரா போடுவாங்க?” நாற்காலியிலிருந்து.

“முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?”

“நீ கேக்கலயே.”

கேட்கவில்லையாம்! தகட்டைத் தூக்கி எறியலாம் போல வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி கலந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை பட்டித்தூளோடு நான் சந்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. “அண்ணி, உங்க மூஞ்சிய கண்ணாடியில பாத்தீங்களா? முதல்ல அதுக்குப் பட்டி டிங்கரிங் பாருங்க.” நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

போகும்போது அண்ணனிடம் கேட்டாள்: “அண்ணி வண்டி எடுத்தா நல்லதுதானேண்ணா? வீட்ல ஒரு வழி பொறக்கும்.”

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவ ஓட்டுவா. நான் பக்கத்துல கிளீனரா உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

மார்ச் 12, புதன்

வேலை, வண்டி, சமையல், தூக்கம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தெருக்கோடிப் பட்டறை வெல்டர் தம்பியிடம் கம்ப்ரஸரை இரவல் வாங்கி, பெயின்டுக்கு அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தேன். முதல் தடவை ஸ்ப்ரே துப்பாக்கி பிடிக்கிறேன். முன்பக்கம் அழகாக வந்தது. அந்தச் சாம்பல் நிறம் படியப் படிய, துருவும் பட்டியுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது எல்லாம் ஒரே உடம்பாகிக்கொண்டு வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அப்புறம் டிரைவர் பக்கத்துக் கதவு. அடித்துக் கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரைமர் அங்கங்கே விலகிக்கொண்டது. வட்ட வட்டமாகக் குழி. அடியில் தகரம் பல்லைக் காட்டுகிறது. மேலே இன்னொரு சுற்று அடித்தேன், குழி பெரிதானதுதான் மிச்சம். கைப்பிடியைச் சுற்றித்தான் மோசம். மற்ற இடமெல்லாம் ஒழுங்காக இருக்க, இந்தக் கதவுக்கு மட்டும் என்ன கேடு?

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். ஒரு கதவுக்காக அழுகிற பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 19, புதன்

கதவை மறுபடி தகரம் தெரியத் தேய்த்தாயிற்று. பெயின்ட் கடை அம்மாவிடம் போய் ஒப்பாரி வைத்தேன். முழுக்கக்கூடக் கேட்கவில்லை அவர்.

“எண்ணெய்ப் பசைம்மா. பசை இருக்கிற எடத்துல பிரைமர் நிக்காது, ஒதுங்கிக்கும். தேச்சா மட்டும் போவாது. தின்னர்ல நல்லாத் துடைச்சிட்டு அடி. துடைச்ச பிறகு ஒருத்தரையும் கை வெக்க விடாதே.”

“எங்க வீட்ல யாரும்மா கை வெப்பா? இருக்கிறது நாங்க ரெண்டு பேரு. அவரு அந்தச் சந்துக்குள்ள காலே வெக்கறதில்ல.”

“அப்போ உன் தலை எண்ணெயா இருக்கும்” என்றார். இருக்கும். இனி தலையில் துணி கட்டிக்கொண்டுதான் சந்துக்குள் போவது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் கதவைத் தின்னரில் துடைத்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை, புதுத் துணியில். பிறகு கம்ப்ரஸர் எடுத்துவர வெல்டர் பட்டறைக்குப் போனேன். வந்ததும் நேராகக் கதவுக்கு அடித்தேன்.

விலகியது. இந்தத் தடவை வட்டமாக இல்லை. கைப்பிடிக்கு மேலே ஒரு உள்ளங்கை, ஐந்து விரல். சாம்பல் நிறத்துக்கு நடுவே தகரத்தில் ஒரு முழுக் கை.

துப்பாக்கியைக் கீழே வைத்தேன். ஏறும் படியில் நேற்றைய பட்டித்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் ஒரு செருப்புத் தடம். வலது கால் மட்டும். இடது காலின் தடம் இல்லை. ஏறுவதற்குப் பிடிக்கிற கம்பியை முகர்ந்து பார்த்தேன். வலித் தைலம். காலையில் பாதியை நான் இவர் முழங்காலில் தேய்த்துவிட்டு, மீதியை நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள் என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போன அதே தைலம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ரெண்டு ஞாயித்துக்கிழமை வீண்! வாரம் முழுக்க அடுத்தவங்க விரிப்பைத் துவைச்சிட்டு, கிடைக்கிற ஒரே ஒரு நாள். வித்துத் தொலைன்னு சொன்ன மனுஷன் எதுக்குத் தொடணும்? எதுக்கு ஏறணும்?

வாசலுக்கு வந்தேன், கேட்டுவிடலாம் என்றுதான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்தே இருப்பவருக்கு எதற்கு அவ்வளவு வியர்வை?

கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

சலவைக்கூடத்தில் பாய்லர் கெட்டுப்போய் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். சந்தின் முனையிலிருந்தே பார்த்துவிட்டேன்.

கைத்தடி டயரில் சாய்ந்திருந்தது. இவர் வலது காலைப் படியில் வைத்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தம் கட்டி எழும்பினார். எழும்பிவிட்டார். இடது காலும் படிக்கு வந்துவிட்டது. அடுத்த படிக்கு அது மடங்க வேண்டும். மடங்கவில்லை. மறுபடி முயன்றார். கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் பின்வாங்கித் தெருக்குழாய்க்குப் போய் முகம் கழுவினேன். நிதானமாகக் கழுவினேன். பிறகு இல்லாத ஒரு நாயைச் சத்தமாக விரட்டிக்கொண்டே வந்தேன். நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார், மூச்சு வாங்கியது.

“என்ன, இன்னிக்குச் சீக்கிரம்?”

“பாய்லர் கெட்டுப்போச்சு.”

“ம்.”

நான் துரு சுரண்டிய அத்தனை நாளும் இவர் தன் சீட்டுக்கு ஏறப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். ஏறிவிட்டால் மட்டும் போதுமா, கிளட்ச்சை யார் மிதிப்பது? அது இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நான் இல்லாத நேரம் பார்த்துப் போகிறார்.

எனக்கு அந்த சீட் வேண்டும். இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். இன்னொரு வருஷம் அந்த மூட்டைகளைத் தூக்க என் உடம்பில் தெம்பில்லை. ஆனால் கதவில் நெற்றியை வைத்து நிற்கிற மனுஷனிடமிருந்து அதை எப்படிப் பிடுங்குவது? எனக்கு அந்த வித்தை தெரியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தைலம் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

வெல்டர் தம்பியிடம் சொன்னேன்: கீழே தாழ்வாக இன்னொரு படி வேண்டும், அகலமாக, பிடித்துக்கொள்ள நீளமான கம்பியோடு.

“உங்களுக்காக்கா?”

“பின்னே யாருக்கு? எட்ட மாட்டேங்குது.” கூசாமல் பொய் சொன்னேன்.

“பெயின்ட் அடிக்கிறதுக்குள்ள வெச்சிரணும். அப்புறம் நெருப்பு பட்டா எல்லாம் கருகிரும். எந்தப் பக்கம்?”

டிரைவர் பக்கம் வைத்தால் இவர் ஏறி உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தபின் அந்தக் கால் மிதிக்காது என்பதை அங்கேயே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதா? கிளீனர் பக்கம் வைத்தால் ‘உன் இடம் இனி இதுதான்’ என்று நானே மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகிவிடும்.

“ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, சொல்றேன்.”

மார்ச் 30, ஞாயிறு

வெல்டர் தம்பி படியும் கம்பியுமாக வந்து நின்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்று ராத்திரி யோசித்தும் ஒன்றும் ஓடவில்லை.

“எந்தப் பக்கம்க்கா?”

கதவைப் பார்த்தேன். அந்தக் கை அடையாளத்தை நான் இன்னும் தேய்த்து எடுக்கவில்லை. ஏன் விட்டுவைத்தேன் என்று எனக்கே தெரியாது. இவர் நாற்காலியிலிருந்து எழுந்து, தடியை ஊன்றிச் சந்துக்குள் வந்திருந்தார். இத்தனை நாளில் என் கண் முன்னால் வந்தது இன்றுதான். அவரும் கதவைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“என்னக்கா, டிரைவர் பக்கம்தானே?”

“கிளீனர் பக்கம் வைப்பா” என்றார் இவர். “டிரைவருக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே.”

வெல்டர் தம்பி சிரித்தார், என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்திருப்பார். நான் சிரிக்கவில்லை. இவரும் சிரிக்கவில்லை.

“அந்தப் பக்கம் செவுராச்சேண்ணே. வண்டிய எடுத்தாத்தான் என் வெல்டிங் செட்டு உள்ள போகும்.”

இவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். என்னைப் பார்க்காமல்தான் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தைலப் பிசுக்கு என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

“கதவைத் தொடறதுக்கு முன்னாடி கையத் துடைச்சிக்கோ” என்றார். “அப்புறம் பிரைமர் நிக்காது.”

தெரிந்திருக்கிறது! எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஏறினேன். அந்த சீட்டில் இவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது, எனக்கு அது பெரிது.

“கிளட்ச்ச முழுசா மிதிக்கணும்” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “கொஞ்சம் அடம் பிடிப்பா. விடாதே.”

முழுசாக மிதித்தேன்.