அப்பாவின் பலகைகள்

போடி
ஞாயிறு மதியம்

பிரியமுள்ள மகள் மகிமாவுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் இந்தப் பொழுதுவரை சுகம். நீயும் மருமகனும் குட்டி எஸ்தரும் அயர்லாந்துக் குளிரில் மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போனதே தவிர காது போகவில்லை. நாம் பேசுவதில் முக்கால்வாசி அவருக்கு விளங்குகிறது என்று, தேனியிலிருந்து வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேல்விழி மேடம் சொல்கிறது. ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டான்லி சித்தப்பாவின் மருமகள் அடுத்த வாரம் அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன்.

நீ வந்து பார்த்துவிட்டுப் போன நாளில் அப்பா எப்படி இருந்தாரோ அதைவிட நடை தேவலை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்து வாசல் வரை வருகிறார். வலது கை விழுந்தது விழுந்ததுதான். பேச்சில் இன்னும் அந்த ஒரு வார்த்தைதான், நாளைக்கு. சோறு வேண்டுமா என்றாலும் நாளைக்கு, வலிக்கிறதா என்றாலும் நாளைக்கு. பெயிண்ட் கடையில் காலமெல்லாம் உட்கார்ந்து, வந்தவர்களிடம் எல்லாம் சரக்கு நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொன்ன மனிதர். மூளையில் எல்லாம் அழிந்தபோது அது மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டது போல. முதலில் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. குரலை ஏற்றி இறக்கி அதையே பத்து விதமாகச் சொல்கிறார், நான் பத்தையும் தப்பாகவே புரிந்துகொள்கிறேன்.

அவர் இந்தப் பலகை வேலையில் எப்படி இறங்கினார் என்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. இடது கை பழக வேண்டும் என்று அந்தப் பிள்ளை வேல்விழி கலர் பென்சிலும் தாளும் கொண்டுவந்து வட்டம் போடச் சொன்னது. அப்பா பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டார். கோபமாக இருக்கிறாரே, கொஞ்சம் ஆட்களைப் பார்த்தால் மனசு மாறும் என்று ஸ்டான்லி சித்தப்பா அவரை ஆட்டோவில் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே யாரோ சுவருக்குப் பூசுகிற பட்டி வாங்க வந்ததில், ஒரு டப்பா திறந்து கிடந்திருக்கிறது. அப்பா அந்த வெள்ளைப் பட்டிக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டு, பக்கத்தில் சாய்த்திருந்த உடைந்த பிளைவுட் துண்டில் இழுத்துப் பூசியிருக்கிறார். சித்தப்பா தடுக்கப் போனவர், அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். "மைனி, ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து அண்ணனை அப்படி ஒரு முகத்தோட நான் பாக்கல" என்று என்னிடம் வந்து சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது கடைக் குடோனில் கால்வாசி அப்பாவின் பலகைகள்தான். வீட்டுப் பின்வராந்தாவும் அவருடையது.

எனக்குப் படம் என்றால் காலண்டரில் இருக்கும் மேய்ப்பரும் ஆட்டுக்குட்டியும். இவர் செய்வதில் ஆடும் இல்லை, மனிதரும் இல்லை, மலையும் இல்லை. முதலில் வெறும் பலகையின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். தூங்கிவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்ப்பேன். பிறகு திடீரென்று கை கிளம்பும். பட்டியைப் பூசி, காய்வதற்குள் சீப்பால் கீறுவார். ஏலக்காய் மூட்டைச் சாக்கைப் பிய்த்து அதற்குள் அமுக்குவார். கடையில் மீந்த ஷேடு கார்டைக் கிழித்து ஒட்டுவார். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த கலரை ஊற்றி, பலகையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி எனக்குக் கை காட்டுவார். காய்ந்தபின் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால் அடியில் போன வாரம் பூசிய நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும், அழகாக வந்திருக்கிறதே என்று நினைப்பேன், மறுநாள் அதை முழுக்க வெள்ளையால் மூடிவிடுவார். எதை வைத்துக்கொள்கிறார், எதை அழிக்கிறார், எப்போது முடிந்தது என்று பட்டி இழுக்கிற தகரத் தட்டை எடுத்துத் தண்ணீருக்குள் போடுகிறார், ஒன்றுக்கும் எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. கடையில் ஆணியையும் திருகாணியையும் ஒரே தட்டில் போட்டால் ஊரைக் கூட்டுகிற மனிதர், இப்போது முழங்கை வரை நீலத்தோடு சோற்றுக்கு வந்து உட்காருகிறார்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பாஸ்டர் வந்தவர் ஒரு மூலையைக் காட்டி அதில் சிலுவை தெரிகிறது என்று ஸ்தோத்திரம் சொன்னார். சித்தப்பா அது குடோன் பிளான் என்றார். வீட்டு வேலைக்கு வருகிற சுருளியம்மாள், எருமை படுத்திருக்கிற மாதிரி இருக்கு என்றாள். அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்றார். அவர்கள் போனதும் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். நானும்தான் கேட்டேன். இதில் நான் எங்கே இருக்கிறேன், நம் வீடா இது, மகிமாவா, ஊருக்குப் போக வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு அவரைக் களைக்க வைத்தேன். பேச முடியாதவர் கையால் ஏதோ சொல்கிறார் என்றுதானே எனக்குத் தோன்றும். சொல்கிறார், எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு விளங்கவில்லை என்றால் வேறு யாருக்கு விளங்கும்.

போன மாதம் நீ போனில் சொன்னாய். பக்கவாதம் வந்த முதல் வருஷத்துக்குள்தான் பேச்சைத் திரும்பப் பிடிக்க முடியும், அந்த நேரத்தைப் பெயிண்டில் விடாதீர்கள், டேப்லெட்டில் இருக்கிற பயிற்சியை முடித்தால்தான் பலகை என்று கண்டிப்பாக இருங்கள் என்றாய். நீ நர்ஸ், தினமும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறவள், அப்பா மறுபடியும் பாப்பா என்று உன்னைக் கூப்பிட வேண்டும் என்ற தவிப்பில் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நீ சொன்னபடியே செய்தேன். பட்டி டப்பா, தட்டு, உப்புத்தாள், கலர் எல்லாவற்றையும் சித்தப்பாவை விட்டுக் கடைக்கு எடுத்துப் போகச் சொன்னேன். அப்பா பார்த்துக்கொண்டேதான் இருந்தார், தடுக்கவில்லை. டேப்லெட்டில் மாடு படம் வந்தது, மாடு என்று சொல்லுங்கள் என்றேன். நாளைக்கு என்றார். குடை வந்தது, பூட்டு வந்தது. இரண்டு மூன்று நாளில் நாளைக்கும் நின்றுவிட்டது. மகிமா, அந்த ஒரு வார்த்தையும் நின்ற வீடு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. உன்னிடம் போனில், அப்பா கொஞ்சம் டயர்டாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுருளியம்மாளைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்து திரும்பினால் தெருமுனையிலேயே நிற்கிறாள். "அம்மா, அய்யா செவுத்துல என்னமோ அப்பிக்கிட்டு இருக்காக, நான் கிட்டப் போனா முறைக்கிறாக, நீங்க வந்து பாருங்க" என்றாள். ஓடினேன். கட்டிலை ஒட்டின சுவரில், உட்கார்ந்தபடி இடது கை எட்டுகிற உயரம் வரை, நான் குடிக்க வைத்துவிட்டுப் போன கஞ்சியைப் பசையாகப் பூசியிருக்கிறார். அதில் வசனக் காலண்டர்த் தாள்களைக் கிழித்துக் கிழித்து ஒட்டியிருக்கிறார். மாத்திரை அட்டையின் வெள்ளித் தகடு, போர்வையில் உருவின நூல், காபி டம்ளரின் அடிக்கசண்டு, எல்லாம் அங்கே இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. நான் கதவருகில் நின்றது அவருக்குத் தெரியவே இல்லை. அவர் ஒரு தாளை ஒட்டி, சரியில்லை என்று உரித்து, வேறு இடத்தில் ஒட்டி, தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று. உன்னைக் கேட்காமல்தான் செய்தேன்.

வேல்விழி வந்து அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்தது. பேச்சு வருமா வராதா, எனக்கு நேராகச் சொல் என்று கேட்டேன். "அம்மா, வரும்னும் என்னால சொல்ல முடியல, வராதுன்னும் சொல்ல முடியல. பயிற்சி வேணும்தான். ஆனா புடுங்கி வச்சுக்கிட்டு நடத்துனா அய்யா பேச மாட்டாக. நாம காலையில கொஞ்ச நேரம் பேச வைப்போம், மத்த நேரம் அவுக பலகையோட இருக்கட்டும்" என்றது. அப்படியானால் இந்தப் பலகையில் அவர் என்னதான் சொல்கிறார் என்றேன். எனக்கும் தெரியாது என்றது. "ஒண்ணு மட்டும் செய்யுங்க, இது என்னன்னு கேக்காதீக. டேப்லெட்டுலயும் இது என்னன்னு கேட்டு, இங்கனயும் இது என்னன்னு கேட்டா, அவுகளுக்குப் போக இடமே இல்லாம போயிரும்" என்றது. கேட்பதை நிறுத்திவிட்டேன். நாளைக்கு மட்டும் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. பயிற்சியில் மாட்டைப் பார்த்து ஒரு நாள் மா என்றார், அது மாடுதானா அல்லது சும்மா வந்த சத்தமா என்று அந்தப் பிள்ளைக்கும் நிச்சயமில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை துணி காயப்போடப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். என் விரல்களைப் பட்டிக்குள் அமுக்கினார். ஐஸ் மாதிரி இருந்தது. பலகையைக் காட்டினார். எனக்கு என்ன வரையத் தெரியும், கை அறிந்தது ஒரு சிலுவைதான், அதைப் போட்டேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்து மெதுவாக வழித்து அழித்துவிட்டார். மறுபடியும் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். நான் உருவிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மோதிரத்துக்குள் போன பட்டியை ஊசி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. சிலுவையை வேண்டாம் என்றாரா, நான் போட்டதை வேண்டாம் என்றாரா, அல்லது அவர் தன்னுடையதையே அழிக்கிற மாதிரி என்னையும் சேர்த்துக்கொண்டாரா. இனி கூப்பிட்டால் போக வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

மற்றபடி இங்கே மழை பரவாயில்லை, மலை மேட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே இருக்கிறது. பலகை காயமாட்டேன் என்கிறது, நான் துணியை உள்ளே எடுக்கிறேனோ இல்லையோ பலகைகளை எடுக்கிறேன். கம்பம் பக்கம் திராட்சைக்கு இந்த ஈரம் ஆகாது என்று சித்தி வீட்டில் புலம்புகிறார்கள். எஸ்தருக்குத் தலையில் எண்ணெய் வைத்துச் சீவு, வெளியே போனால் காதை மூடிவிடு. நீ நைட் டூட்டி முடித்து வெறும் வயிற்றில் படுக்காதே. மருமகனிடம் கோபித்துக்கொள்ளாமல் இரு. அவசரப்பட்டு லீவு போட்டுக் கிளம்பிவிடாதே. நீ வந்து நின்றாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை, நானும் கூடத்தான் இருக்கிறேன், என்ன செய்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை இது இரண்டாவது தடவையாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையே எழுதி மேஜைமேல் மடித்து வைத்திருந்தேன், குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா அதைக் கிழித்துவிட்டார். அவருக்கு எழுத்து எல்லாம் போய்விட்டது, பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கிறார் என்பது உனக்குத் தெரியும். கிழித்ததை எல்லாம் பலகையில் ஒட்டி மேலே நீலம் பூசியிருந்தார், ஒரு வரி தெரியவில்லை. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் பூசாமல் விட்டிருக்கிறார். அதில் மகிமாவுக்கு என்று இருக்கிறது. நேராகத்தான் ஒட்டியிருக்கிறது. தெரிந்தே விட்டுவைத்தாரா, கை தவறி விட்டுப்போனதா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. தட்டு தண்ணீருக்குள் கிடந்தது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பார். அடுத்த தடவை போனில் அந்தப் பலகையைத்தான் காட்டப்போகிறேன். மறக்காதே, என்னப்பா இது என்று கேட்டுவிடாதே, பார்த்துக்கொண்டு மட்டும் இரு, எவ்வளவு நேரமானாலும் நான் போனை அசையாமல் பிடித்துக்கொள்கிறேன்.

உன் பிரியமுள்ள அம்மா
செல்வமணி