அத்தையோடு பார்த்த கடற்கரைப் படம்

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்.

என் கணவர் இறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். வேங்கிக்கால் வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அத்தை டிவியில் எதையோ தேடப்போய் ஒரு பழைய ஆங்கிலப் படத்தில் நிறுத்தினார். இந்த மாதிரிப் படம் நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. கடற்கரையில் அரைக்கால் சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் எதற்கெடுத்தாலும் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். பின்னால் இருக்கிற கடல், துணியில் வரைந்தது என்று நன்றாகவே தெரிகிறது.

"இதுங்களுக்கு வேலை வெட்டியே கெடையாதா?" என்றார் அத்தை.

ஒரு குண்டு ஆசாமியின் டிராயரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஆள் குடையால் இடுப்பை மறைத்துக்கொண்டு அதற்கும் ஒரு பாட்டுப் பாடினான். அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் சிரிம்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டார். அடக்குவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த கோமாளித்தனம் வந்தபோது அவருக்காகச் சிரித்துப் பார்த்தேன். இருமல் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

அத்தை ரிமோட்டை எடுத்தார்.

"நிறுத்தாதீங்க அத்தை. நீங்க சிரிச்சா வீட்ல ஆளுங்க இருக்கற மாதிரி இருக்கு."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். நகர்ந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டார். படம் முடிவதற்குள் தூங்கிவிட்டார். என் கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை.