வாயில் வந்த 'சரிங்க'

பிவண்டி,
17.8.97

அன்பு மனைவி சாந்தாமணிக்கு,

நான் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நீ வேளாவேளைக்குச் சாப்படறயா?

சுதந்திர தினத்தன்னிக்கு எங்க தறிப்பட்டறைச் சேட்டே டிக்கெட் எடுத்துக் குடுத்து எல்லாரையும் ஒரு பட்டாளத்துப் படத்துக்கு அனுப்பினார். எதிரிகிட்ட மாட்டின சிப்பாய், எத்தனை அடிச்சாலும் 'மாட்டேன்'னு மட்டும்தான் சொல்றான். நான் விசிலடிச்சேன். சுதந்திரத்தைக் காப்பாத்தத் துப்பாக்கி எதுக்கு, இந்த ஒரு வார்த்தை போதும்னு கூட வேலை செய்யற நம்மூர்ப் பசங்ககிட்ட வசனம் வேற பேசினேன்.

மறுநாள் அதே சேட்டு வந்து, இனி வேலை முடிஞ்சதும் யாரும் வெளியே போகக்கூடாது, பட்டறை கேட்டைப் பூட்டிருவேன்னார். பசங்க எல்லாரும் என்னையப் பாத்தாங்க. இந்தி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே. 'மாட்டோம்'னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'சரிங்க'ன்னு தமிழ்ல வந்துபோச்சு. தமிழே தெரியாத அந்த மனுசனுக்கு அது நல்லாப் புரிஞ்சுது. சிரிச்சுட்டே போனார்.

பயந்துக்காத, சோத்துக்கும் படுக்கைக்கும் குறையில்லை. பசங்க முகத்தைப் பாக்கத்தான் கூசுது.

சூலூர்ல டைலரிங் கிளாசுக்குப் போகட்டுமான்னு கேட்டிருந்தே. வேண்டாம்னு எழுதினேன். 'சரிங்க'ன்னு பதில் போட்டிருந்தே. அது எப்படி வந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது.

ஊர்க்காரங்க யாராச்சும் இங்க வந்தா பருப்புப்பொடி குடுத்தனுப்பு. கடுதாசி கொஞ்சம் பெருசாவே எழுது. கேட்டைப் பூட்டறதுக்குள்ள இதைத் தபால்பெட்டியில போடோணும்.

கிளாசுக்குப் போறதும் போகாததும் உன்ற இஷ்டம். இதுக்கும் 'சரிங்க'ன்னு எழுதிப்போடாத.

தம்பிதுரை