இரண்டு புள்ளி

ஹாலிஸ்பரி, ஒஹாயோ
ஜூன் 11, 2000

அன்புள்ள மகன் டேலுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர உடம்புக்குக் குறையில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் உன் மனைவி வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளியின் பேஸ்பால் மைதானத்துக்கு உன் பெயர் வைத்த விழாவில் மார்ச்சில் நான் பேசியதற்காக ஊரே இன்னும் என்னைத் திட்டுகிறது. பேச அழைத்தது அவர்கள்தான். இந்த ஊர் கண்ட மிகச் சிறந்த மட்டையடிக்காரன் நீ என்று மேயர் சொன்னார். தப்பான கணக்கைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது.

நான் சொன்னது இவ்வளவுதான். போன வருடம் நீ ஆயிரம் வாய்ப்புக்கு 283 முறை என்ற கணக்கில் அடித்தாய். 1968-இல் அதே லீக்கில் நான் 251. ஆனால் என் காலத்தில் பந்து எறிபவன் நின்ற மேடு உயரம், அடிப்பது கஷ்டம். லீக் முழுவதன் சராசரியே 237தான். உன் காலத்தில் கண்டவனும் அடிக்கிறான், சராசரி 271. மற்றவர்களை நான் பதினான்கு புள்ளி முந்தினேன், நீ பன்னிரண்டு. என் காலத்தில் ஆடியிருந்தால் நீ 249தான்.

கூட்டம் சிரித்தது. சிரிக்கச் சொன்னது நானில்லை. மணிக்கட்டு உடைந்து, அணி உன்னைக் கைவிட்ட அதே வாரத்தில் இதைப் பேசலாமா என்று உன் அம்மா கேட்டாள். கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நீ மேடையருகே வந்து, "ரெண்டு புள்ளிப்பா. இதுக்காகவா?" என்றாய். "ரெண்டுன்னாலும் மேலதான்டா," என்றேன். மைக் அணையாமல் இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு நீ போய்விட்டாய்.

உன் பெயர் வேண்டாம் என்று நீயே சொல்லியனுப்பியதால் பலகையை இறக்கிவிட்டார்கள். கணக்குப்படி என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நகர மன்றத்துக்கு எழுதினேன். பதில் இல்லை.

அம்மா உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, "நீங்க ஜெயிச்சுட்டீங்க, வெர்னன். தனியா உக்காந்து கொண்டாடுங்க," என்றாள். திரும்பி வருவதாகத் தெரியவில்லை. டப்பா சூப் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ மெக்சிகோவில் ஆடுவதைப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 340 அடிக்கிறாயாம். முப்பத்தைந்து வயதில், சரியாகச் சேராத எலும்போடு. அங்கே எறிபவர்கள் மட்டமாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்த லீக்கின் சராசரியை இங்கே யாரும் போடுவதில்லை. நூலகத்தில்கூடக் கேட்டுவிட்டேன். அது தெரியாமல் எதையும் கழிக்க முடியவில்லை. உன் 340 அப்படியே நிற்கிறது.

அந்தச் சராசரியை மட்டும் எழுது, டேல். வேறு ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு தபால் அட்டை போதும்.

உன் கண் பார்வை மங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
வெர்னன் ஹாஸ்கெட்