ஜப்பான் ஆல்பத்துக்குக் குங்குமம்

வெள்ளிக்கிழமை, ராத்திரி

இந்த வீட்டுல ஒரே ஒரு பொருளையாவது என்னால சுத்தமா வெச்சுக்க முடியுதா? கொரியாப் பாட்டுக் குழுப் பசங்க ஜப்பான்காரங்களுக்குன்னே ஜப்பான் மொழியில பாடின ஆல்பம். இங்கே எந்தக் கடையிலேயும் கிடைக்காது. மாசக்கணக்கா காத்துக்கினு இருந்தேன். நான் ஸ்ரீபெரும்புதூர்ல வேலையில இருக்கிறப்ப பார்த்துத்தான் பார்சல் வரணுமா?

அம்மாவே பிரிச்சுட்டாங்க. சாமி படத்துக்கு முன்னாடி கொண்டுபோய், எங்க வீட்டுத் தறியில புதுப் பாவு நூல் ஏத்துறப்ப வைக்கிற மாதிரி, அட்டை மேல சந்தனம் குங்குமம் வெச்சுட்டாங்க. வெள்ளை அட்டை! ஓரமா வெச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. அட்டையில இருக்கிற அஞ்சு பேர்ல எனக்குப் பிடிச்சவன் நெத்தியில, சரியா நடுவுல.

"ஏம்மா, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"ன்னு கத்தினேன்.

அம்மா பூ கட்டிக்கினே, "எதுக்குடி கத்துற? புதுசா வந்தா வைக்காம எப்படி?"ன்னாங்க.

"அது என்ன தறியா?"

"அந்தப் பையன் பட்டாளத்துக்குப் போறான், அவங்க நாட்டுல கட்டாயம்னு போன வாரம் சோறு திங்காம அழுதுக்கினு இருந்தியே. நல்லபடியா திரும்பி வரட்டும்னு காமாட்சியை வேண்டிக்கினு அவனுக்கு மட்டும் வெச்சேன். அது தப்பா?"

எங்க அம்மா என்னை நிம்மதியா கோவப்படக்கூட விடமாட்டாங்க. ஃபேன் குரூப்புல எல்லாரும் அவங்கவங்க ஆல்பத்தைப் படம் எடுத்துப் போட்டுக்கினு இருக்காங்க. நான் எதைப் போடுறது?

துடைக்கலாம்னு ஈரத்துணி கொண்டுவந்து பக்கத்துல வெச்சேன். இவ்வளவும் எழுதி முடிக்கிறதுக்குள்ள அது காஞ்சே போச்சு.