நான் போட்ட இரண்டு முடிச்சு

கப்பலூர்,
ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி.

அண்ணன் செல்வக்குமாருக்குத் தங்கை சத்யப்ரியா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். அங்கே நீ நலமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. நலமாகத்தான் இருப்பாய், கல்யாண மாப்பிள்ளைக்கு என்ன குறை? போனில் பேசலாம் என்றால் சரண்யா மதினி பேரை எடுத்ததும் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்ததற்கு நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் சோலாப்பூருக்குத் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பின்னால் முறுக்குக் கம்பெனிச் சத்தம், முன்னால் உன் அதிகாரம். ஆவணியில் ஆண்டிபட்டிப் பெண்ணுக்கு நீ தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட நான் வர வேண்டுமாம். அதற்கு முன்னால் கோர்ட்டில் வந்து, சரண்யாதேவி தானாகவே உன்னை உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். மாட்டேன் என்றால், வருகிற மாசியில் என் மகன் கருப்புக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி கிடையாதாம். "நல்லா ரோசிச்சுக்க பிரியா. அப்பறம் மடி கேட்டு என் வாசலுக்கு வரக் கூடாது" என்றாய்.

ரோசித்துவிட்டேன். இரண்டுக்கும் மாட்டேன்.

போன வருஷம் வைகாசியில் எழுமலையில் ஊர் மந்தையில் பெரிய ஆட்களைக் கூட்டி உட்கார வைத்து, ஒரு துரும்பைக் கிள்ளி மதினி கையில் கொடுத்து, "இத்தோட உனக்கும் எனக்கும் தீந்துபோச்சு" என்றாயே, அன்றைக்கு நான் கம்பெனியில் ஷிப்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் கழுத்தில் முதல் முடிச்சுத்தான் நீ போட்டது. மற்ற இரண்டும் நான் போட்டது. கட்டும்போது நாத்தனார் வேண்டும், அவிழ்க்கும்போது வேண்டாமா? அந்தத் துரும்பை வாங்கின கை, உன் முறுக்குச் சட்டி எண்ணெய் கொட்டி வெந்துபோன கை. அதையாவது பார்த்தாயா இல்லையா?

இப்போது பெண்ணைப் பெற்ற ஆண்டிபட்டிக்காரர் கோர்ட்டுக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார் போல. இல்லாவிட்டால் உனக்குக் கோர்ட்டு ஞாபகம் ஏன் வருகிறது? "ஊர்ல தீத்துவிட்டாச்சு, கோர்ட்டுல சும்மா ஒரு சீல் வாங்கணும்" என்கிறாய். நானும் மதினியோடு மதுரைக் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பெண்களுக்கு அங்கே காசு வாங்குவதில்லை. வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். துரும்பு என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஊர் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் சட்டம் ஒரேயடியாகத் தள்ளவில்லையாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக விடாமல் நடந்து வருகிற வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபித்துக் காட்ட வேண்டுமாம். சரி என்று, உனக்குத் துரும்பு எடுத்துக் கொடுத்த நல்லகாமன் பெரியப்பாவிடமே போய்க் கேட்டேன். "நான் கோவணத்தோட திரிஞ்ச காலத்துல ஒருக்கா பாத்தது தாயி. செல்வம் வந்து நச்சரிச்சான், செஞ்சு வச்சேன். கோர்ட்டு கீர்ட்டுன்னு என்னைய இழுக்காதீக" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன் வழக்கத்தின் லட்சணம் அவ்வளவுதான். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன் என்கிறாயே, அதுவும் செல்லாது. முத்திரைத்தாளில் நிலத்தை எழுதிக் கொடுக்கலாம், பெண்டாட்டியை எழுதித் தள்ள முடியாது என்றார் வக்கீலம்மா.

ஆகவே இன்றைய தேதிக்கு நீ சரண்யாதேவியின் புருஷன். கசந்தாலும் அதுதான் நிஜம். இந்த நிலையில் ஆண்டிபட்டிப் பெண்ணுக்கு நீ கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. மதினி புகார் கொடுத்தால் ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே போகலாம். தெரிந்தே கூட நின்று முடிச்சுப் போட்டவளையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். அண்ணனுக்காக ஜெயிலுக்குப் போகிற தங்கச்சி கதையில் வருவாள். எனக்குக் காலையில் எட்டு மணிக்கு ஷிப்டு இருக்கிறது.

சோலாப்பூரில் கேஸ் போட்டுவிடுவேன், அவள் எப்படி அங்கே வருகிறாள் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். போடு. கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்பதால் அங்கே போடலாம்தான். ஆனால் மதினி சுப்ரீம் கோர்ட்டில் மனுக் கொடுத்து மதுரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமாம். சின்னப் பிள்ளையை வைத்திருப்பவளின் சிரமத்தைத்தான் பெரும்பாலும் அங்கே பார்ப்பார்களாம். முறுக்கு மாவை வைத்துவிட்டு நீதான் ரயில் ஏறி அலைவாய்.

அவள் சம்மதமே இல்லாமல் விவாகரத்து வாங்க வழி உண்டா என்று அந்த மெசேஜில் கேட்டிருந்தாய். உண்டு. அவள் உன்னை விட்டுப் போனாள், இரண்டு வருஷம் திரும்பி வரவில்லை என்று காட்டினால் போதும். அதற்குத்தான் என் சாட்சி உனக்கு வேண்டும், இல்லையா? அண்ணே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் வீட்டுத் தட்டா கிடைத்தது? அவள் ரயிலில் வந்து இறங்கின அன்றைக்கு விடிகாலையில் எனக்குப் போன் போட்டது யார்? "பிரியா, உன் மதினியும் பாப்பாவும் நாகர்கோவில் வண்டியில வாராக. ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிட்டுப் போ. கை ஆறட்டும், தீவாளி முடிஞ்சதும் நானே வந்து கூப்டுக்கிறேன்" என்றாய். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை இன்னொரு தோளில் போட்டுக்கொண்டு அவள் படி இறங்கி வந்ததை நான் பார்த்தேன். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, நீ வரவில்லை. உன்னுடைய துரும்புதான் வந்தது. கோர்ட்டில் ஏறினால் இதைத்தான் சொல்வேன். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் நன்றாக யோசித்துக்கொள்.

அம்மா போன வாரம் இங்கே வந்திருந்தது. வந்ததும் காப்பித் தண்ணி கூடக் குடிக்காமல், "தர்ஷிகாவுக்கு அஞ்சு முடியப் போகுது. அஞ்சு முடிஞ்சா பிள்ள அப்பன்கிட்ட வந்துரும்ல?" என்று கேட்டது. உன் கேள்விதான் என்று குரலிலேயே தெரிந்தது. பிள்ளை என்ன, குத்தகை முடிந்ததும் திரும்பி வருவதற்கு வயலா? ஐந்து வயசு வரைக்கும் தாயிடம் இருப்பது வழக்கம். அதற்கு அப்புறமும் பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார், யாருக்குக் கடை பெரிது என்று பார்க்க மாட்டார். உனக்கு வந்து பார்க்க உரிமை உண்டு. அதை மதினியும் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்றே முக்கால் வருஷத்தில் நீ அந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பேசினாயா? அதற்கு இருக்கிற ஒரே அப்பா நீதான். நீ இரண்டாவது கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கிறாய், அது பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் முறுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவள் திருமங்கலத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாளே, பிள்ளைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். அவள் உழைப்பது அவள் பாடு. பிள்ளைக்குச் செய்வது உன் கடமை. இதைச் சொல்ல வக்கீல் எதற்கு, ரோட்டில் போகிற ஆளே சொல்வார். அவள் போட்டு வந்த நகையும் அவளுடையதுதான். மாவு மிஷினுக்காக எங்கே கொண்டுபோய் வைத்தாயோ, அங்கிருந்து மீட்டுக் கொடு.

இதெல்லாம் கேட்டு, அவள் உன்னோடு மறுபடி வாழத் துடிக்கிறாள் என்று நினைத்து மீசையை முறுக்காதே. அவளுக்கும் நீ வேண்டாம். கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவளே சொன்னாள். "கையெழுத்துத்தானே பிரியா, நாளைக்கே போடுறேன். எம்பிள்ள எங்கூட இருக்கணும். ஓடிப்போனவன்னு எழுதுன காயிதத்துல மட்டும் என் கை போடாது" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

இரண்டு பேரும் சேர்ந்து மனுக் கொடுத்தால் சண்டை இல்லாமல் முடியும். ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், அது ஆகிவிட்டது. மனுக் கொடுத்த பிறகு ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். நீதிபதி மனசு வைத்தால் அதையும் குறைக்கலாம். நீ நேரில் வந்து நிற்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? நீ ஆவணியில் நாள் குறித்தது யார் குற்றம்? உடைந்த முறுக்கைக் கூட உடைந்தது என்று சொல்லித்தானே விலை குறைத்து விற்கிறாய்? அந்த நாணயத்தை வீட்டு விஷயத்திலும் காட்டு.

ஆண்டிபட்டிக்காரரிடம் உண்மையை நீயே சொல்லிவிடு. ஆடி முடிவதற்குள் சொல்லாவிட்டால் நான் பஸ் ஏறிப் போய்ச் சொல்வேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் கழுத்துக்கும் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு, பிறகு அவளையும் ஒருநாள் ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டி வர எனக்குத் தெம்பு இல்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு ஒரு வருஷமாக இருக்கிறது.

அம்மா போகும்போது, கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுக்கிறாயே என்று சாபம் போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது. கேட்டுக்கொண்டேன். என் புருஷன் வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமல் எப்படிக் காது குத்துவது, பங்காளிகள் சிரிக்க மாட்டார்களா என்று மாமியார் கேட்கிறார். தாய்மாமன் உயிரோடு, கல்லுப் போல இருக்கும்போது பிள்ளையை வேறொருவன் மடியில் உட்கார வைத்தால் என்ன பேசுவார்கள் என்று உனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தாய். வேறு எதைச் சொல்லி மிரட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கருப்புக்குச் சாமிக்கு வளர்த்த முடி தோளில் புரள்கிறது. உன்னை அவன் வீடியோ காலில் கழுத்துக்கு மேலேதான் பார்த்திருக்கிறான். மாமா மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்று சொன்னேன். "மாமாவுக்கு மடி இருக்காம்மா?" என்று கேட்கிறான்.

நாம் பிறந்த வீட்டுச் சாமி உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கவனமாக நில். மதுரைக்கு வா. கோர்ட்டில் ஏறி, நான்தான் அனுப்பி வைத்தேன், நான்தான் திரும்பக் கூப்பிடவில்லை என்று உன் வாயால் சொல். முறையாகத் தீர்த்துக்கொள். அதற்குப் பிறகு நீ யாருக்கு வேண்டுமானாலும் தாலி கட்டு, நானே பின்னால் நின்று முடிச்சுப் போடுகிறேன்.

காதுகுத்துக்கு மதினி வருகிறாள். "நீ மனசு ஒடியாத பிரியா. தாய்மாமன் வீட்டுச் சீர நான் கொண்டாரேன். தர்ஷிகா தட்டத் தூக்கிட்டு முன்னால வருவா. இன்னிக்கும் நான்தான அவனுக்கு அத்தை?" என்று சொல்லிவிட்டாள். துணி வந்துவிடும், தேங்காய் பழம் வந்துவிடும், கம்மலும் வந்துவிடும்.

மடியை மட்டும் அவளால் கொண்டுவர முடியாது, அண்ணே.

இன்னும் கோபம் தீராத
உன் கூடப் பிறந்தவள்,
சத்யப்ரியா