அமாவாசையில் விழுந்த நிழல்

பாகூர்
05.01.2025, ஞாயிறு (மார்கழி 21)

மதிப்பிற்குரிய நண்பர் பஷீர் அகமது அவர்களுக்கு,

இங்கு நலம், தங்கள் நலமறிய ஆவல். ஐப்பசியில் கண் பார்வை போனதிலிருந்து தாங்கள் தொலைபேசிக்கு வருவதில்லை. நேரில் வருகிறேன் என்றாலும் ‘வராதே’ என்று சொல்லியனுப்புகிறீர்கள். ஆகவே இக்கடிதம். தங்கள் மருமகள் ஃபர்ஹானா படித்துக் காட்டட்டும்.

தாங்கள் ‘நிழல் ஏரி’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரைத் தமிழ்க் குரலில் கேட்டுவருவதாகவும், படம் தெரியாமல் தவிப்பதாகவும் அவள்தான் சொன்னாள். பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பொம்மைப் படம்தானே என்று இளப்பமாக உட்கார்ந்தேன். எழுந்தபோது காபி ஆறியிருந்தது.

ஊராரின் நிழல்கள் களவு போகின்றன. விளக்கேற்றும் பெண் சயோ திருடனைத் தேடுகிறாள். இது தாங்கள் கேட்டது. காணாதது அந்த ஏரி. நம் பாகூர் ஏரியில் மார்கழி விடியலில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாமல் கொக்கு மட்டும் நடுவில் தொங்குமே, அப்படி. நிழலை இழந்தவர் நடக்கையில் கால் மண்ணில் பாவாதது போலிருக்கிறது. மனிதக் கை வரைந்தது என்று நம்பவே முடியவில்லை.

குறைகளும் உண்டு. நடுவில் மூன்று பாகங்கள் வெறும் இழுவை. சயோவுடன் திரியும் பேசும் பூனை அநாவசியம். இவற்றை மன்னிப்பேன், தேதிப் பிழையை மன்னியேன். நான்காம் பாகத்தில் அமாவாசை, விளக்கும் ஏற்றவில்லை. ஆயினும் சயோவுக்குப் பின்னால் நீண்ட நிழல்! எட்டாம் பாகத்தில் பௌர்ணமி. அப்போது அவளுக்கு நிழலே இல்லை. வரைந்தவர் பஞ்சாங்கத்தைத் தொட்டதில்லை போலும்.

தங்கள்
சி. சிங்காரவேலு

*

வில்லியனூர்
ஜனவரி பத்தோ பதினொண்ணோ

சிங்காரம்,

நான் சொல்றத அப்படியே எழுதும்மான்னு ஃபர்ஹானாகிட்ட சொல்லிட்டேன். இன்னாடா ‘தாங்கள்’? மூணாங்கிளாஸ்ல என் இடியாப்பத்தத் திருடித் துன்ன வாயா இது?

கொக்கு தொங்குதுன்னு எழுதுனியே, அத திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். ஜவுளிக் கடையில கலர் பாத்தே பழகுன கண்ணுடா இது. இப்ப எல்லாம் சாம்பல். உன் கொக்குல மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிஞ்சுது.

இழுவைன்னியே, அந்த மூணு பாகத்துல மழை பேயுறத கேட்டியா? ஓட்டுல ஒரு சத்தம், தண்ணியில ஒரு சத்தம், குடையில ஒரு சத்தம். கண்ணு இருக்கறவனுக்கு அது இழுவைதான். பூனைய ஒண்ணும் சொல்லாத.

ஆனா வராத. தட்டித் தடவி உன் கையத் தேடிக்கினு உன் எதிர்ல நிக்க என்னால முடியாது. எழுது, போதும்.

ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லு. அமாவாசையில வுழுந்த நெழலு, அவ கையத் தூக்கினா அதுவும் தூக்குச்சா?

பஷீர்

(மாமா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், மன்னியுங்கள் ஐயா. இன்று தேதி 11.01.2025. – ஃபர்ஹானா)

*

பாகூர்
19.01.2025, ஞாயிறு (தை 6)

அன்புள்ள பஷீர் அவர்களுக்கு,

மீண்டும் பார்த்தேன். சயோ கையைத் தூக்குகிறாள், நிழல் தூக்கவில்லை. படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தேன். அந்த ஒரே நிழலுக்குள் ஒரு கூன் முதுகு, ஒரு தலைப்பாகை, இடுப்பில் ஒரு குழந்தை. இத்தனையையும் பிழையென்று தள்ளிவிட்டு, நான் தேதியை மட்டும் பார்த்திருக்கிறேன்!

பொருள்தான் இன்னும் விளங்கவில்லை. கடைசிப் பாகம் மீதியிருக்கிறது. தங்களை விட்டுவிட்டு அதைப் பார்க்க மனம் வரவில்லை.

சிங்காரவேலு

*

வில்லியனூர்
24.01.2025 (தேதி ஃபர்ஹானா போட்டது)

அட மக்கு,

அது அவ நெழலே இல்லடா. திருடுபோன நெழலுங்கதான் இருட்டுல மட்டும் அவ பின்னாடி நடக்குது. அவளோடது எப்பவோ போச்சு. அதான் பௌர்ணமியில ஒண்ணும் வுழல. தேடறவளேதான் எடுத்தவ. அவளுக்கே அது தெரியாது. நீ பிழை கண்டுபுடிக்கலன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது. படத்துல எழுதி வச்சிருக்கான் பாரேன், மூளைக்காரன்! சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்குது.

அதக் கேட்டுட்டு ஃபர்ஹானா, “அவளுக்கு நெழல் இல்லன்னு பூனைக்கு மொதல்லயே தெரியும் மாமா. தெரிஞ்சும் கூடவேதானே சுத்துச்சு?”ன்னா. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.

கடைசிப் பாகத்த நானும் போடச் சொல்லல. வந்து பக்கத்துல குந்து. நீ பாரு, நான் கேக்கறேன். உன்னப் பூனைன்னு நெனச்சுக்கறேன்.

பஷீர்

*

பாகூர்
26.01.2025, ஞாயிறு (தை 13)

பஷீர்,

பூனையைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதன்கிழமை, 29ஆம் தேதி வருகிறேன். காலையில் தர்ப்பணம், பகலில் வீட்டில் படையல், எல்லாம் முடித்து அங்கு வந்துசேர இருட்டிவிடும். அன்று தை அமாவாசை, நிலவும் இருக்காது. வாசல் விளக்கைப் போட வேண்டாமென்று ஃபர்ஹானாவிடம் சொல். எனக்கும் வழி தெரியாது. படியில் நின்று நீ கையை நீட்டு. நானும் தடவிக்கொண்டுதான் வருவேன்.

இடியாப்பம் இருக்கட்டும்.

உன்
சிங்காரம்